குளத்தில் கப்பல் விட்ட ராஜா

ராஜாவுக்குக் கோபம் வர உலகத்தில் காரணத்துக்கா பஞ்சம்? சங்குத்துறை ராஜா அதிவீரகேசரிக்குக் காற்றின்மேலேயே கோபம் வந்துவிட்டது.

வடக்கே, கடலோரத்தில் அவருடைய மைத்துனன் ஆண்டுகொண்டிருந்தான். புதுக் கப்பலில் போய் இறங்கி அவனை வாய் பிளக்க வைக்க வேண்டுமென்று ராஜாவுக்கு ஆசை. தலைமை மாலுமி மீரான் மரைக்காயரைக் கூப்பிட்டார்.

“மகாராஜா, இது ஐப்பசி. வடக்கேயிருந்து வாடை அடிக்கிறது. இப்போது பாய் விரித்தால் கப்பல் பாறையில்தான் போய் மோதும். பங்குனியில் தென்காற்று திரும்பட்டும், போகலாம்” என்றார் மரைக்காயர்.

“காற்று எனக்கு நாள் குறிக்கிறதா? போம் வீட்டுக்கு! கப்பல் விடுவது என்ன பிரமாத வித்தை? நானே கற்றுக்கொள்கிறேன்!”

மந்திரி நரலோகராயர் சும்மா இருப்பாரா? “பிரபு, தங்களுக்கு வராத வித்தையா! அரண்மனைக் குளமே போதும்” என்று உச்சி குளிர வைத்தார்.

குளத்தில் பாய்மரப் படகு தயாரானது. ராஜா சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினார். அப்படித் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும், அது சுக்கானின் குணம். ராஜாவுக்கு அது தெரியாது. “வலது!” என்று அதட்டினார். படகு வலப்பக்கமே திரும்பியது! அடுத்து வானத்தைப் பார்த்து, “இனித் தெற்கிலிருந்து காற்று வரும்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பாய் புடைத்தது.

“அடடா! வாயுபகவானே கைகட்டி நிற்கிறான்!” என்று மந்திரி குதித்தார்.

கரையில் நின்ற அரசவை விதூஷகன் செவ்வந்தியப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. தெற்கிலிருந்து காற்றடித்தால் தென்னை ஓலை மட்டும் ஏன் தெற்கே பார்த்துச் சாய்கிறது? படித்துறைச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பெரிய பெரிய பனையோலை விசிறியோடு மந்திரியின் ஆட்கள் வியர்க்க விறுவிறுக்க வீசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கடியில் வாயில் நாணல் குழலோடு சிலர் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தியப்பனால் அடக்க முடியவில்லை. கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான்.

மந்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பிரபு, விதூஷகன் தங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனையும் கப்பலில் ஏற்றுங்கள். தங்கள் திறமையைப் பார்க்கட்டும்.”

“ஆமாம்! நாளைக் காலையில் புறப்படுகிறோம். நீரும் வாரும், மந்திரியாரே!”

“எனக்கு முழங்கால் வாதம், பிரபு. கரையிலிருந்தே வாழ்த்துகிறேன்.”

செவ்வந்தியப்பனுக்கு நீச்சல் தெரியாது. கப்பலில் ஏறவேண்டிய மாலுமிகளின் வீடுகளிலோ பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் தலையோடு உடம்பும் சேர்ந்து போகும். பாவம், என்னதான் செய்வான்?

மறுநாள் காலை துறைமுகத்தில் ஊரே கூடியது. வாடை ஹோவென்று இரைந்தது. ராஜா கம்பீரமாகச் சுக்கானருகே நின்றார். அப்போது செவ்வந்தியப்பன் ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தான். பாதிப் பேர் கையில் விசிறி. மீதிப் பேர் கையில் கயிறும் நாணல் குழலும்.

“யாரடா இவர்கள்?” என்றார் ராஜா.

“இவர்கள்தான் காற்று, மகாராஜா. அவர்கள் நீரோட்டம். குளத்தில் தங்களுக்கு வேலை பார்த்தவர்கள். அவசரத்தில் மந்திரியார் இவர்களை மறந்துவிட்டார். நான் கூட்டிவந்தேன். ஒரே ஒரு சந்தேகம். காற்றைக் கப்பலில் ஏற்றுவதா, இல்லை, பின்னாலேயே நீந்தி வரச் சொல்வதா?”

மந்திரி முழங்கால் வாதத்தை மறந்து நழுவப் பார்த்தார். காவலர்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

ராஜாவின் முகம் சிவந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. “அப்படியானால் குளத்தில் நான் ஓட்டியது?”

“படகை ஓட்டியவர்கள் இவர்கள், மகாராஜா. தாங்கள் ஓட்டியது இவர்களை.”

“குளம் என் பேச்சைக் கேட்டதே. கடல் மட்டும் ஏன் கேட்காது?”

செவ்வந்தியப்பன் கைகூப்பினான். “கடல் நம் அரண்மனையில் சம்பளம் வாங்கவில்லையே, மகாராஜா!”

ராஜா அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாயைச் சுருட்டச் சொன்னார். மரைக்காயரை அழைத்துவரப் பல்லக்கு போனது. முத்துமாலை செவ்வந்தியப்பன் கழுத்தில் விழுந்தது. மாலுமிகளின் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

“சரி, பங்குனியில் வருகிறேன் என்று மைத்துனனுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமே. யாரை அனுப்புவது?” என்று கேட்டார் ராஜா.

“மந்திரியாரைவிட நல்ல ஆள் யார், மகாராஜா? குதிரைகூட வேண்டாம். வாடைக்கு எதிரே கடற்கரையோடு நடந்தே போகட்டும். காற்றைத் திருப்பத் தெரிந்தவராயிற்றே, வழியில் திருப்பிக்கொள்வார்!”