காத்துல போன நெஞ்சுத் துடிப்பு

ஒரு மலையூர்ல ஒரு நர்ஸக்கா இருந்தாங்க, கண்ணு. செண்பகவல்லின்னு பேரு. ரெண்டே அறை ஆஸ்பத்திரி, ஒரே ஒரு லேப்டாப்பு. டாக்டரம்மா இருக்கறது கீழ டவுன்ல. கேக்கறியா? ம்.

ஒரு நாள் காலையில, தேன் எடுக்கற சடையன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வந்து உக்காந்தாரு. வேர்த்து ஊத்துது. செண்பகவல்லி மளமளன்னு அவரு நெஞ்சுல ஒயர ஒட்டினாங்க. லேப்டாப்புல அவரு துடிப்பு கோடா ஓடுச்சு, மேலயும் கீழயும்.

அப்போ லேப்டாப்பு அப்படியே ஒறைஞ்சு நின்னுது. ஏன் தெரியுமா? அதுக்குள்ள ரேம்னு ஒண்ணு இருக்கு. அப்போதைக்கு நடக்கற வேலைய பரப்பி வைக்கற எடம். பதினஞ்சு வேலை ஒண்ணா தொறந்து கெடந்தா மூச்சு முட்டாதா? செண்பகவல்லி ஒவ்வொண்ணா மூடினாங்க. டக், டக், டக். கோடு திரும்ப ஓடுச்சு.

அப்புறம் பாரு, பொசுக்குன்னு திரை இருண்டுது. சார்ஜ் தீந்துபோச்சு. கரண்டு போனா ரேம் எல்லாத்தையும் மறந்துடும். சேவ் பண்ணி ஹார்டு டிஸ்குல வெச்சாத்தான் தங்கும். அவங்க சேவ் பண்ணல. சடையன் பொண்டாட்டி மாதி பாக்கறான்னு பதட்டத்த முகத்துல காட்டிக்கல. சார்ஜர மாட்டி, முதல்லேருந்து எடுத்து, எடுத்ததும் சேவ் பண்ணினாங்க.

ம் கொட்டு. அப்புறம் அந்தக் கோட்ட டாக்டரம்மாவுக்கு அனுப்பப் போனா, போகல.

"வைஃபை முழுசா காட்டுதே"ன்னா மாதி.

"அது இந்த ரவுட்டர் பொட்டி வரைக்கும்தான் தாயி. பொட்டிக்கு வெளியிலேருந்து வர்ற ஒயரு மழையில அறுந்திருக்கு. நீ இவர அசையவிடாத."

லேப்டாப்ப மார்போட அணைச்சிக்கிட்டு பின்னால இருந்த பாறை மேல விறுவிறுன்னு ஏறினாங்க. அங்கதான் செல்போனுக்கு சிக்னல். போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ப அதுல சேத்தாங்க. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்துது. கோடு கெளம்பிப் போச்சு.

செண்பகவல்லி நிமிந்து பாத்தாங்க. ஒரு கம்பி இல்ல. வெறும் காத்து, மேகம். அதுக்குள்ள ஒரு மனுசனோட நெஞ்சுத் துடிப்பு போயிக்கிட்டிருக்கு. ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு.

டிரிங், டிரிங். டாக்டரம்மா நசீமா.

"பாத்துட்டேன் செண்பகம். மாரடைப்புதான். நான் சொல்ற மாத்திரைய இப்பவே குடு. ஆம்புலன்ஸ அனுப்பறேன்."

தடதடன்னு எறங்கி ஓடினாங்க.

பொழச்சாரா? பொழச்சாரு. எட்டு நாள் கழிச்சு வந்து, சேவ் பண்ணின அந்தக் கோட்டக் காட்டச் சொன்னாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இதுவா எனக்கு முன்னாடி டவுனுக்குப் போச்சு?"

"இதேதான்."

சடையன் நெஞ்சு மேல கைய வெச்சு, உள்ள துடிக்கறதத் தொட்டுப் பாத்தாரு.

அவ்வளவுதான். கதை முடிஞ்சுபோச்சு, கண்ண மூடு.