பசித்தவர் உண்டோ

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே சீடர் வந்து சேர்ந்தபோது குருவுக்கு வயது நாற்பத்தாறு, அவருக்கு அறுபத்திரண்டு. தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்ந்த பிறகுதான் மாசிலாமணிக்கு ஞானத்தின் மேல் ஆசை வந்திருந்தது. தில்லைநாத சாமி அவரைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு வேலையைக் கொடுத்தார். வாசலில் நின்று கூப்பிடுகிற வேலை.

அந்த மடத்தில் அது பழைய வழக்கம். உச்சிப் பொழுதில் சோறு வெந்ததும் ஒருவர் வாசலுக்குப் போய்க் கைமணியை ஆட்டி, “பசித்தவர் யாரும் உண்டோ?” என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். வருகிறவர்களுக்கு முதலில் இலை போட வேண்டும். பேரோ ஊரோ கேட்கக் கூடாது. அதற்கப்புறம்தான் மடத்து ஆட்கள் சாப்பிடலாம். யாருமே வராத நாளிலும் கூப்பிடாமல் ஒரு பருக்கை வாய்க்குள் போகக் கூடாது.

எட்டு வருஷம் மாசிலாமணி கூப்பிட்டார். குரல் கம்மத் தொடங்கியபோது கவலை பிடித்துக்கொண்டது. தனக்குப் பிறகு இந்த வழக்கம் என்ன ஆகும்? நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நிலைக்கும்? மகளிடம் கேட்டு மடத்தின் பெயரில் ஒரு முகநூல் பக்கம் தொடங்கினார். சாமியிடம் சொன்னபோது, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மாசிலாமணி கூப்பிடுகிற வீடியோவைப் பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். கண் கலங்கியது என்று எழுதினார்கள். இதுவல்லவோ நம் பண்பாடு என்று எழுதினார்கள். முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தியதற்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதில் தப்பும் இல்லை.

அப்புறம் கார்கள் வரத் தொடங்கின. சென்னையிலிருந்து வந்தார்கள், சிங்கப்பூரிலிருந்தும் வந்தார்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு வாசலில் இருபது செல்போனாவது உயர்ந்து நிற்கும். பின்னால் லாரி போய்விட்டது ஐயா, இன்னொரு தரம் கூப்பிடுங்கள் என்பார் ஒருவர். வெயில் முகத்தில் விழவில்லை, இந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுங்கள் என்பார் இன்னொருவர். மாசிலாமணி முகம் கோணாமல் கூப்பிட்டார். சில நாள் ஏழு தரம் கூடக் கூப்பிட்டார். கூப்பிட்ட களைப்பில் உள்ளே வந்து ஒரு பிடி கூடவே சாப்பிட்டார். சாயங்காலம் முழுக்க ஒவ்வொருவருக்கும் நன்றி தட்டித் தட்டி விரல் வலித்தது. ஒரு வழக்கத்தைக் காப்பாற்றுவது இத்தனை அலுப்பான காரியம் என்று அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் பந்தல் இல்லை. பந்தல் இல்லையென்றால் பந்தல் போடுகிற கலியமூர்த்தி வீட்டில் உலை இல்லை. எட்டு ஆடியாக அந்த மனிதர் மடத்துக்கு வந்துகொண்டிருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டையோடு வருவார், கடைசி இலையில் உட்காருவார், தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். மகளை நல்ல இடத்தில் கொடுத்திருந்தார்.

ஆடி பாதி போனபோது, சமையல் பார்க்கும் தையல்நாயகி ஒரு காலையில் மாசிலாமணியை நிறுத்தினாள்.

“கலியமூர்த்தி வந்து ஒம்பது நாளாச்சுங்க. இங்க சாப்பிடற படம் சம்பந்தி வீட்டு வரைக்கும் போயிடுச்சாம். அன்னையிலேர்ந்து சாமியும் தனக்கு இலை போட வேணாங்கறாரு. பொழுது சாய ஒரு தம்ளர் மோரு, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாதா?”

மாசிலாமணிக்குத் தெரியாது. படம் மட்டும் ஞாபகம் வந்தது. பந்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவரே எடுத்துப் பக்கத்தில் போட்டது. கடைசி இலையில் வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருக்கிறதே என்று கொஞ்சம் நிறுத்தி எடுத்திருந்தார். அங்கேயே நின்று, செல்போனை எடுத்து அந்தப் படத்தை நீக்கினார். பதினோரு லட்சம் பேர் பார்த்தது இந்தப் படத்தை அல்ல, இதைப் பார்த்தது வெறும் நாலாயிரம் பேர்தான் என்று ஒரு கணம் ஆறுதல் தேடிக்கொண்டதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாமி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தினமும் பார்க்கிற முகம்தான், மாசிலாமணி அன்றைக்குத்தான் பார்த்தார்.

“படத்த அழிச்சிட்டேன் சாமி. பக்கத்தையே மூடிடறேன்.”

“மூடறதும் வச்சிருக்கறதும் உங்க இஷ்டம்யா.”

“எம்மேல கோவமா சாமி? அதான் சாப்பிடாம இருக்கீங்களா?”

“கோவம் எதுக்கு?”

சாமி ஒரு முற்றிய தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டார். அவர் குரலிலும் களைப்பு இருந்தது.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. வாசல்ல கூப்பிட்டப்புறம்தான நாம சாப்பிடணும்.”

மாசிலாமணிக்குப் புரியவில்லை. வெளியே ஏதோ கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஐயா இல்லையா, மணி எப்போ அடிப்பாங்க என்று யாரோ கேட்டார்கள்.

“தெனமும் கூப்பிடறேனே சாமி. நேத்து ஏழு தரம் கூப்பிட்டேன். தொண்டையே போயிடுச்சு. லட்சக்கணக்குல கேட்டிருக்காங்களே.”

“கேட்டிருப்பாங்க,” என்றார் சாமி. “கலியமூர்த்திக்குத்தான் கேக்கல. எனக்கும் இன்னும் கேக்கல.”