வலம்புரி அடைத்து வைத்த வாசனை

அந்தக் காலத்தில், ஆடுமாடும் செடிகொடியும் நம்மோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, மனிதர் மூக்கின் இரண்டு துளைக்கும் கதவு இருந்தது. வேண்டுமென்றால் திறக்கலாம், வேண்டாமென்றால் சாத்தலாம். கதவுக்குப் பின்னால், நெற்றிக்குள்ளும் கன்னத்துக்குள்ளும், சின்னச் சின்ன அறைகள். அவை இன்றைக்கும் இருக்கின்றன, கதவுதான் இல்லை. காற்று தினமும் வந்து அந்த அறைகளைப் பெருக்கிவிட்டுப் போகும். மூக்கடைப்பு, தலைபாரம் என்றால் என்னவென்றே ஒருவருக்கும் தெரியாது. கொடுத்துவைத்த ஜனங்கள்.

கடற்கரையில் வலம்புரி என்றொரு பெண் இருந்தாள். நெய்யைக் கொடுத்துக் கருவாடு வாங்க வந்த இடையன் கோனாண்டி அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், கல்யாணம் முடிந்தது. மலையடிவாரத்தில் அவனுடைய ஆட்டுக்கிடை. அங்கிருந்து கடலுக்கு எட்டு நாள் நடை.

புறப்படும் அன்று காலையில் வலம்புரி கரையில் போய் நின்றாள். ஈர வலை, மணலில் காயும் கருவாடு, ஒதுங்கிக் கிடந்த பாசி, அப்பாவின் தோளில் உலர்ந்த உப்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்தாள். அறை அறையாக நிரப்பிக்கொண்டு இரண்டு கதவையும் இறுகச் சாத்தினாள். சீராகக் கொடுத்த பாய் கிழியும், பானை உடையும், இது மட்டுமாவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். உங்களுக்கும் எனக்கும் அது கருவாட்டு நாற்றம். அவளுக்கு அது பிறந்த வீடு.

கிடையில் அவள் வாயாலேயே மூச்சுவிட்டாள். வேலை முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடுவாள். உள்ளே கரை வந்துவிடும், அப்பா வலை உதறுவார்.

காற்று வந்து கூப்பிட்டது. "கதவைத் தொற தாயி, பெருக்கிட்டுப் போறேன்."

"நீ பெருக்கிக் கிழிச்சது போதும். வேற வீடு பாரு," என்றாள் வலம்புரி.

அந்த ஆடியில், அப்பா கடலோடு போய்விட்டார் என்று உப்பு விற்க வந்தவன் சேதி சொன்னான். அவள் கதவை இன்னும் இறுக்கினாள்.

பெருக்காத அறை என்ன ஆகும்? ஈரம் கட்டியது. நீர் தேங்கியது. தேங்கியது கெட்டிப்பட்டு மஞ்சளித்தது. குனிந்தால் நெற்றி தெறித்தது, கன்னம் கனத்து மேல்பல் வலித்தது. தொண்டைக்குள் ஒழுகி ஒழுகி ஓயாத இருமல். சோறு மண்ணாக இருந்தது. அவள் பேசினால் பானைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் கேட்டது. அத்தனையையும் பொறுத்துக்கொண்டாள் மகராசி.

அப்படியிருக்க, அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது.

கிடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டும் முன் தாயிடம் கொடுப்பார்கள். தாய் உச்சி முகர்வாள். பிள்ளையின் வாசனை மூக்கில் ஏறினால்தான் அந்தக் காலத்தில் பால் இறங்கும். கோனாண்டி பிள்ளையை நீட்டினான். வலம்புரி முகர்ந்தாள். ஒன்றுமே தெரியவில்லை. கதவைத் திறக்கப் பார்த்தாள், வீங்கிக் கிடந்த கதவு அசைந்தால்தானே. பிள்ளை வீரிட்டது. கோனாண்டி ஆட்டுப்பாலில் துணியை நனைத்து அதன் வாயில் வைத்தான்.

பக்கத்தில் குட்டியை நக்கிக்கொண்டு கிடந்த செவலை ஆடு கேட்டது: "எங்க நாத்தம் பிடிக்காமத்தானே மூக்கை மூடிக்கிட்டே?"

"அதுவும் கொஞ்சம் உண்டுக்கா," என்றாள் வலம்புரி, பொய் சொல்லத் தெரியாமல். "ஆனா உள்ள எங்க அப்பாவை வச்சிருக்கேன்."

செவலை நக்குவதை நிறுத்தியது. "ஏ புள்ள, பிறந்த வாசனை ஏழு நாளுதான். அப்புறம் புகையும் புழுதியும் ஏறிரும், போனா வராது. ஓடையோரம் நொச்சி நிக்குது, அதைக் கேளு. இந்தக் காட்டுல நான் வாய் வைக்காத செடி அது ஒண்ணுதான், அம்புட்டுக் காரம்."

வலம்புரி போய்க் கேட்டாள். நொச்சி எல்லாவற்றையும் சொன்னது. "என் இலையைப் போட்டுத் தண்ணியைக் கொதிக்க வை. போர்வைக்குள்ள உக்காந்து ஆவி பிடி. பானையில மூஞ்சிய வச்சு வெந்து போகாத, ஒரு முழம் தள்ளியே இரு. காய்ச்சி ஆறின தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைக் கரைச்சு மூக்கைக் கழுவு. கதவு விட்டுரும். ஆனா ஒண்ணு. தொறந்தா உள்ள இருக்கிற அத்தனையும் வெளிய போயிரும். இதை வை, அதை விடுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது."

ஆறு நாள் வலம்புரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளை நாளுக்கு நாள் வாடியது. ஏழாம் நாள் காலையில் கோனாண்டி ஒரு கட்டு நொச்சியை அவள் முன்னால் வைத்தான்.

"உங்க கரைக்குப் போயி ஒரு குடம் தண்ணி கொண்டாரட்டுமா? அதை மோந்துக்கிட்டு இருக்கலாம்," என்றான் பாவம்.

"தண்ணி வரும். அப்பா உதறுற வலை வராது," என்றாள் அவள். பிறகு மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது அது. "அடுப்பை மூட்டுங்க," என்றாள்.

போர்வைக்குள் ஆவி ஏறியது. அறைகளில் உறைந்து கிடந்தது இளகியது. உப்பு நீர் பட்டதும் இரண்டு கதவும் பெயர்ந்து விழுந்தன. கோழையும் நீருமாகக் கொட்டியது, அதன் பின்னாலேயே கடல் வெளியே வந்தது. ஒரு நொடி கிடை முழுக்க ஈர வலை வாசம், கருவாட்டு வாசம். ஆடுகளெல்லாம் தலையைத் தூக்கின.

"இதுதானா உங்க ஊரு? நல்லாத்தான் இருக்கு," என்றது செவலை.

அதற்குள் எல்லாம் போய்விட்டது. வலம்புரி, "அப்பா, அப்பா" என்று அரற்றினாள். அழுகையோடு பிள்ளையை வாரி உச்சியில் மூக்கை வைத்தாள். அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு வாசனை வந்தது. மார் கனத்துப் பால் இறங்கியது, பிள்ளை கவ்விக்கொண்டது.

பெருக்க வந்த காற்றிடம் அவள் கெஞ்சினாள். "ஒரே ஒரு மூலையாவது எனக்கு விடு. போனது ஒருநாள் திரும்பி வந்தா, தங்க இடம் வேணாமா?"

காற்றுக்கும் மனசு கேட்கவில்லை. "இனிமே மனுசங்க யாருக்கும் கதவு கிடையாது, நானே காவல். ரெண்டையும் சேத்து மூட விடமாட்டேன். ஒண்ணு தொறந்திருக்கும்போது இன்னொண்ணு லேசா சாத்தியிருக்கட்டும். முறை வச்சு மாத்திக்கிறேன். சாத்தின பக்கம் போனவங்களுக்கு, தொறந்த பக்கம் உன் மடியில இருக்கிறவளுக்கு," என்றது.

அன்று முதல்தான் நல்ல நாளிலும் நம் மூக்கில் ஒரு பக்கம் தாராளமாகவும் மறு பக்கம் சற்று அடைத்தாற்போலவும் முறை மாற்றி முறை மாற்றி மூச்சு ஓடுகிறது. சளி பிடித்து இரண்டும் அடைத்துக்கொண்டால், நாமும் நொச்சியைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் போகிறோம், அடைப்பு விடும்போது கண்ணும் சேர்ந்து கலங்குகிறது.