ஏழு டம்ளர் மந்திரியும் வைத்தியர் ஓலையும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூவாளி நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் கிழிப்பான். அவனுக்கு மந்திரி அழகேசர். தினமும் ஏழு டம்ளர் காப்பி. மற்றபடி நல்ல மனுஷன்.

அரண்மனை வைத்தியர் பஞ்சநதத்துக்கு மந்திரி ஆசனத்தின்மேல் ஒரு கண். ஒருநாள் சபையில் ஓலையை விரித்தார்.

"பிரபு! காப்பி மோகம் மனோவியாதி. கிடைக்காவிட்டால் மண்டை இடிக்கும். விடச் சொன்னால் விட முடியாது. வேலையும் கெடும். மந்திரியைப் பைத்தியக்கார விடுதியில் கட்டிப்போட வேண்டும்."

"கட்டிடலாமே!" என்றான் ராஜா. அன்று அவனுக்குப் பொழுது போகவில்லை.

அழகேசர் எழுந்து கும்பிட்டார்.

"மண்டை இடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். மற்றதைப் பார்க்க வேண்டாமா? மூன்று நாள் விடுகிறேன். வைத்தியரும் தனக்குப் பிடித்ததை விடட்டும். ஓலை சரியா என்று தெரிந்துவிடும்."

"எனக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாதே!"

"கோள் சொல்வதை விடும்."

சபையே இருமியது. ராஜா தொடையைத் தட்டினான். "தோற்றவருக்கு விடுதி!"

முதல் நாள் அழகேசர் தலைக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு வழக்கைத் தீர்த்தார். மறுநாள் இடி குறைந்தது. மூன்றாம் நாள் நந்தவனத்தில், வைத்தியர் கண்ணில் படும்படி உட்கார்ந்து, ஆவி பறக்கும் டம்ளரை உறிஞ்சினார்.

வைத்தியருக்கு நாக்கு அரித்தது. நெற்றி வியர்த்தது. சாயங்காலம்வரை வாயை மூடியிருந்தால் போதும். முடியவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பிரபு! மந்திரி காப்பி குடிக்கிறான்!"

ராஜா வந்தான். டம்ளரைப் பிடுங்கி மோந்தான். "சீரகத் தண்ணீர்!"

"தலைவலிக்கு, பிரபு. போன வருஷம் இவரே எழுதிக் கொடுத்த மருந்து."

ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தான். "யாருக்கய்யா வியாதி இப்போ? சங்கிலியைக் கொண்டு வாங்கடா!"

"வேண்டாம் பிரபு. ஏழு டம்ளர் குடிப்பது வியாதி இல்லை. விட நினைத்தும் விட முடியாமல் பிழைப்பே கெட்டால்தான் வியாதி. அப்படிப்பட்டவனுக்கும் வைத்தியம்தான் வேண்டும், சங்கிலி இல்லை."

"சரி, விடுதியில் ஒரு மாசம் வைத்தியம். மந்திரிக்கு வெள்ளிக் கூஜா நிறையக் காப்பி!"

சேவகன் வைத்தியரை அழைத்துப் போனான். வாசலில் அவர் திரும்பினார்.

"பிரபு, ஒரே ஒரு விஷயம். இந்தச் சேவகன் இருக்கானே, குதிரைக்கு வைத்த கடலையை..."

"ரெண்டு மாசம்!" என்றான் ராஜா.