பிளக் இல்லாத இடத்துக்கு ஒரு பெட்டி

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் சடையப்பன், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரு ரஹீமா, திண்டுக்கல் பைபாஸில் தகரக் கொட்டகை போட்டு மின்வண்டிகளுக்கு பேட்டரி கட்டித் தருபவர். முதல் நாள் ‘பாப்பா’ என்று கூப்பிட வாயெடுத்த சடையப்பன், அவர் பற்றவைக்கும் கையைப் பார்த்துவிட்டு ‘மாஸ்டர்’ என்றார். அன்றிலிருந்து அப்படித்தான்.

“வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி ஒரு பவர் பெட்டி வேணும், மாஸ்டர். ராத்திரி பூரா ஒரு மிஷின் ஓடணும்.”

“என்ன மிஷின்?”

“என் சம்சாரத்தோட மூச்சு மிஷின்.”

அவர் மனைவி தவமணிக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடி மாட்டி, மிஷின் காற்றைத் தள்ளினால்தான் தூக்கம். மூன்று வருஷமாக அந்த ஒயர் எட்டுகிற தூரம்தான் அவள் உலகம். கல்யாணம் காட்சிக்குப் போனால்கூட படுக்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். போதாக்குறைக்கு, ‘இந்த வயசுல ஊர் சுத்த வேணாம்’ என்று சென்னை மகன் தீர்ப்பு எழுதிவிட்டான். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய பழைய வேனை ஓட்டிக்கொண்டு போக வருகிறான்.

தவமணி அதைக் கேட்டுக் கொதித்துப்போனாள்.

“மாட்டைக்கூட அவுத்து மேய விடுறாங்க. என்னையப் பிளக்குல கட்டிப் போட்டிருக்கீங்க. வண்டி போறதுக்குள்ள மன்னவனூர் மலைப் புல்வெளியில ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கணும். நீங்க வரலன்னா நானே ஓட்டிக்கிட்டுப் போவேன்.”

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே சடையப்பன்தான். சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

ரஹீமா முழுவதையும் கேட்டார்.

“நான் கட்டித் தர மாட்டேண்ணே. நீங்க கட்டுங்க, நான் பக்கத்துல இருக்கேன்.”

“ஏன் மாஸ்டர்?”

“மலை மேல அது நின்னா நானா ஓடி வரப் போறேன்?”

பழைய மின்வண்டிகளில் இருந்து கழற்றிய பேட்டரி செல்கள் மூலையில் குவிந்து கிடந்தன. அதிலிருந்து நான்கை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொன்றையும் முழுக்க சார்ஜ் ஏற்றி, தனித்தனியாக லோடு கொடுத்து, அதாவது ஒரு பல்பை எரியவிட்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று எழுதி வைக்க வேண்டும். அப்புறம்தான் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு செல்லுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.

சடையப்பன் மூன்று நாள் ஒழுங்காக உட்கார்ந்தார். நாலாவது நாள் மீட்டர் முனையை நாலாவது செல்லில் வைத்துப் பார்த்தார். மற்ற மூன்றும் காட்டிய அதே எண், மயிரிழை வித்தியாசம் இல்லை. இதற்கு வேறு ஒரு நாள் எதற்கு?

“நாலும் பாத்தாச்சா அண்ணே?”

“ஆச்சு மாஸ்டர்.”

செல்களைத் தகடு போட்டு இணைத்தார். காவல் சர்க்யூட் பலகையை மாட்டினார். நான்கில் எது இளைத்தாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடுவது அந்தப் பலகையின் வேலை. எல்லாவற்றையும் தகரப் பெட்டிக்குள் இறக்கி, மூடி, மேலே குங்குமமும் வைத்தார். பஸ்காரர் புத்தி.

மறுநாள் மதியம் கொட்டகை வாசலில் வேனை நிறுத்தி, பின்னால் பாய் விரித்து, தவமணி முகமூடியை மாட்டிப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். சடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மணி நேரத்தில் மிஷின் நின்றது.

தவமணி மூச்சு முட்டித் துள்ளி எழுந்து, முகமூடியைப் பிய்த்து எறிந்தாள். சடையப்பன் அவளைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீரை நீட்டினார். அவள் தண்ணீர் குடித்து, இரண்டு தரம் இருமி, “சரி, அடுத்து என்ன செய்யணுமோ செய்யுங்க” என்றாள்.

ரஹீமா பெட்டியைத் திறக்கச் சொன்னார். நாலாவது செல்லுக்கு மட்டும் லோடு கொடுத்தார். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது.

“சும்மா இருந்தப்ப நல்லாத்தானே காட்டுச்சு!”

“வேலை கொடுத்துப் பாத்தீங்களா?”

சடையப்பன் தலையைச் சொறிந்தார். “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு...”

“அது ஒரே பானையில வெந்த சோறுண்ணே. இது நாலு வண்டியில அடிபட்டு வந்தது.”

முப்பது வருஷத்தில் ஒருநாளும் ஆறு டயரையும் தட்டிப் பார்க்காமல் அவர் பஸ்ஸில் ஏறியதில்லை. குனிந்து, கையை விட்டு, பின்சக்கரத்து உள் டயரையும் தட்டுவார். அந்த மனுஷன்தான் சொந்தப் பெண்டாட்டியின் மூச்சில் பொய் சொல்லியிருந்தார்.

“மகன் சொன்னதுதான் சரி, மாஸ்டர். நாங்க போகல.”

“போறதும் போகாததும் அப்புறம். வேற செல் எடுங்க.”

எடுத்தார். இந்த முறை நான்கையும் முதலில் இருந்து பார்த்தார். பெட்டியைக் கட்டி மிஷினை ஓட்டியதில் பதினாலு மணி நேரம் தாங்கியது. தவமணிக்கு எட்டு மணி நேரம் போதும். ஆனால் சூடு கண்ட பூனை ஆகிவிட்டாரே! மறுபடி ஓட்டினார், பதினாலு. குலுக்கி ஓட்டினார், வெயிலில் வைத்து ஓட்டினார், வேனில் ஏற்றிச் சிறுமலை வளைவுகளில் போய்வந்து ஓட்டினார். பதினாலுக்குக் குறையவில்லை.

சனிக்கிழமை வந்தது. விடிந்தால் மகன் வந்துவிடுவான். கொட்டகை வாசலில் வேன். உள்ளே பாய், கம்பளி, தூக்குச்சட்டியில் புளிச்சோறு. தவமணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஹார்னில் கை வைத்திருந்தாள்.

சடையப்பனின் போன் அடித்தது. மகன்.

“அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்கயும் கிளம்பிடாதீங்க. அம்மா போன்ல சொன்ன அந்த டப்பாவை நம்பி உசுரை வைக்க முடியுமா?”

சடையப்பன் போனை வைத்தார். பெட்டியைத் தூக்கி மறுபடி மேசை மேல் வைத்தார்.

“இன்னும் ஒரே ஒரு சோதனை, மாஸ்டர்.”

“எத்தனையாவது?”

“எட்டாவது.”

வாசலில் ஹார்ன் அலறியது.

“மாஸ்டர், நெசமாச் சொல்லுங்க. இது நிக்கவே நிக்காதா?”

“எதுவும் நிக்கும்ணே.”

“அப்ப எப்பிடிப் போறது?”

ரஹீமா சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கொட்டகை சட்டென்று புழுங்கியது.

“உங்க வீட்டுல கரண்ட் போறதில்லையா?”

“போகும். வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் போகும்.”

“அப்ப மிஷின்?”

“நின்னுரும்.”

“அக்கா?”

“நான்தான் முழிச்சுக்குவேன். மிஷின் சத்தம் நின்னாலே எனக்கு முழிப்புத் தட்டிரும். உடனே தட்டி எழுப்பி உக்கார வச்சுருவேன்.”

“மூணு வருஷமாவா?”

“மூணு வருஷமா.”

ரஹீமா பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

“மன்னவனூர்ல மட்டும் தூங்கிருவீங்களா?”