மருத்துவர் முன் ஒரு நாற்காலி

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. தீர்ப்புச் சொல்வது அதனாலேயே சற்றுக் கடினம். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்றொரு கணக்கு டீச்சர் இருந்தாள். அவளுக்கு வந்தது தசைகள் சோர்ந்துபோகும் ஓர் அரிய நோய். காலையில் ஓரளவு நன்றாக இருப்பாள். பொழுது ஏற ஏற இமைகள் தாமாகக் கீழே சரியும். கரும்பலகையில் எழுதும் கை பாதியில் தொய்ந்துவிடும். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். இன்னொருவர் சத்து ஊசி போட்டார். வேறொருவர் எல்லாம் மனக்கவலை என்றார். நோய்க்குப் பெயர் தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. அவள் சிரிக்க நினைத்தாலும் முகம் அசையவில்லை. நாளடைவில் உள்ளேயும் சிரிப்பு எழுவது நின்றுபோனது. பயமும் கூடவே போயிற்று. தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய், அக்கம்பக்கத்தில் யாரோ அழைத்ததற்காக வந்தவள்போல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

அதே நோய் கண்ட இருவர் அவளுக்கு வாட்ஸ்அப் வழியாகப் பழக்கமானார்கள். ஒருத்தி காரைக்குடி வடிவாம்பாள், வயதில் மூத்தவள். மற்றவன் கீழக்கரை காஜா மொய்தீன், சரக்கு வண்டி ஓட்டியவன். சாலை இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியதும் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவன். மூவரும் தங்கள் மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒருவருக்கு வயிற்றைக் கலக்கிய மாத்திரை இன்னொருவருக்கு ஒத்துக்கொண்டிருக்கும். ஏன் என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

அந்த ஆளைக் கண்டுபிடித்தவள் வடிவாம்பாள். இந்த நோயில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் மாதம் ஒருமுறை மதுரைக்கு வந்துபோகிறார் என்று தெரிந்துகொண்டு, மூவர் பெயரையும் பதிந்துவைத்தாள். வரும்போதெல்லாம் அவர் சிலரைத்தான் பார்ப்பார். முறை வர வெகுகாலம் ஆகும்.

அன்றே அவள் மற்ற இருவரிடமும் ஒரு வாக்கு வாங்கினாள்.

"யாரை முதல்ல கூப்பிடுறாங்களோ அவங்க போகணும். அடுத்தவங்க பாவம்னு விட்டுக்கொடுக்கக் கூடாது. முக்கியமா உனக்குத்தான் சொல்றேன், ஜெசிந்தா."

"சரிக்கா" என்றாள் ஜெசிந்தா. காஜாவும் சரி என்றான்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் மதுரையிலிருந்து நர்ஸ் ஒருத்தி ஜெசிந்தாவை அழைத்தாள். "நாளைக்கு வரவேண்டிய ஒருத்தர் வரலை. அந்த இடம் உங்களுக்குத்தான். உங்களால முடியலைன்னா, கூடப் பதிஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலாம்."

ஜெசிந்தா நன்றி சொல்லி போனை வைத்தாள். இத்தனை நாள் காத்திருந்த செய்தி வேறு யார் வீட்டுக்கோ வந்ததுபோல் இருந்தது. எழுந்துபோய்க் குக்கரைக் கழுவினாள்.

அந்த வாரம் வடிவாம்பாளுக்கு நோய் முற்றியிருந்தது. கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. போதாததற்கு நீர்க்கடுப்பு, அதற்கு உள்ளூரில் கொடுத்த புது மாத்திரையைக் கரைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா தயங்கவே இல்லை. நர்ஸ் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி, "என் இடத்தில் அக்கா போகட்டும்" என்று முடித்தாள்.

உடனே வடிவாம்பாள் போன் செய்தாள். குரல் குழறி, மூக்கால் வந்தது.

"வாக்குக் கொடுத்தியே."

"நீங்க இருக்கிற நிலைமையில வாக்கு என்னக்கா."

"நீ போ. நான் போகமாட்டேன்."

"எனக்குப் போகணும்னே தோணலைக்கா."

"தெரியும். அதனாலதான் உன்னைப் போகச் சொல்றேன்."

இருவரும் இறங்கிவரவில்லை. போகப்போவதில்லை என்று ஆளுக்கொரு வரி எழுதிவிட்டு ஓய்ந்தார்கள். காஜா இரண்டையும் படித்தான்.

மறுநாள் விடிந்ததும் அவன், எல்லாம் இரண்டாகத் தெரியாமலிருக்க ஒரு கண்ணைத் துணியால் மறைத்துக்கட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினான். நர்ஸிடம் எதையும் மறைக்கவில்லை. "பதிஞ்ச மூணு பேர்ல நான் ஒருத்தன். மத்த ரெண்டு பேரும் வரலைன்னுட்டாங்க. என்னைப் போகச் சொன்னது யாருமில்லை, நானாத்தான் வந்தேன்."

மருத்துவர் அவனைப் பொறுமையாகச் சோதித்து மருந்தை மாற்றிக்கொடுத்தார். எழுந்திருக்கும்போது காஜாவுக்கு ஏதோ தோன்ற, போனில் இருந்த வடிவாம்பாளின் புது மாத்திரைப் படத்தைக் காட்டினான். இந்த நோய்க்காரர்களுக்கு ஆகாத மருந்து அது. மருத்துவர் அங்கிருந்தே காரைக்குடிக்குப் பேசி அதை நிறுத்தச் செய்தார். அவளைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். வடிவாம்பாள் பிழைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சொல்லக் காஜா அழைத்தபோது ஜெசிந்தா கேட்டாள்: "போறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா நீங்க ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சிருப்பீங்க டீச்சர். எனக்குத் திரும்ப வண்டி ஓட்டணும். ரொம்ப ஆசையா இருக்கு."

அவள் போனைத் துண்டித்தாள். நெஞ்சு படபடத்தது. கோபம் என்று புரியவே அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவன் உட்கார்ந்துவிட்டு வந்தது தன்னுடைய நாற்காலி என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒருத்தி வாக்கை மீறி விட்டுக்கொடுத்தாள். ஒருத்தி வாக்குக்காக உயிரையே பணயம் வைத்து மறுத்தாள். ஒருவன் யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்தான். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மாத்திரையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறிப்போவீர்கள். பஸ் ஏறும்போது காஜாவுக்கு அது தெரியாது. ஆனாலும் அவன் செய்ததே சரி. ஜெசிந்தா கொடுத்தது, கொடுக்கும்போது அவளுக்கு வேண்டாத ஒன்று; அதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. வடிவாம்பாள் மறுத்தது அன்பினால்தான், ஆனால் அந்த அன்பு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கும். இருவரும் கைவிட்டபின் நர்ஸ் சொன்னபடி அந்த இடம் மூன்றாமவனுடையது. அவன் பொய் சொல்லவில்லை, பிழைக்க ஆசைப்பட்டதை ஒளிக்கவும் இல்லை. அடுத்த அழைப்பு ஜெசிந்தாவுக்கு வந்தபோது அவள் வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் எழுதவில்லை. மதுரைக்குப் பஸ் ஏறினாள்.