ஈச்சி வைத்த ஏழு தொடுகறிகள்

இலந்தை முள் அடர்ந்த புதர்க்காட்டில் ஈச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அந்தக் காட்டில் சமைத்துச் சாப்பிடும் பிராணி அது ஒன்றுதான்.

காட்டுத்தீ வந்து போனபோது மிஞ்சிய தணலை அது ஒரு பாறைப் பொந்தில் அணையவிடாமல் வைத்திருந்தது. கிழங்கைத் தோண்டும். தேக்கிலையில் சுற்றித் தணலில் புதைக்கும். வெந்ததும் புளியங்காயை நசுக்கிப் பிழிந்து பிசையும். "அடடா, என்ன மணம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். வேறு யாரும் சொல்லாததால் அதுவே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

"புல்லைக் கண்டோமா, தின்றோமா என்றில்லாமல் இதென்ன வேலை!" என்று மான்கள் சிரிக்கும்.

தவிட்டி என்ற முயல் மட்டும் எப்போதாவது வந்து ஒரு வாய் தின்னும். தின்ற மறுகணம், "காரம் அக்கா, காரம்!" என்று கண்ணில் நீர் வழியக் குதித்துக்கொண்டு ஓடும்.

மான்களும் முயல்களும் அந்த முட்புதருக்கு விரும்பி வரவில்லை. முன்பு அவை சுனைக்கரைப் புல்வெளியில் மேய்ந்தன. அங்கே ஒரு சிறுத்தை குடியேறியது. வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. மிஞ்சியவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் புகுந்துகொண்டன. சிறுத்தை ஒரே ஒருமுறை துரத்திக்கொண்டு வந்தது. மூக்கிலும் பாதத்திலும் முள் தைத்துத் திரும்பிப் போனது. அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

புதருக்குள் உயிர் பிழைத்தது. வயிறுதான் காய்ந்தது. கொன்றை என்ற பெண்மானுக்குப் பால் வற்றிவிட்டது. அதன் குட்டி எழுந்து நிற்கவே தடுமாறியது. கொன்றையின் துணையான கலையன் தன் பங்கு இலையையும் கொன்றையின் முன்னால் தள்ளிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று பொய் சொல்லும்.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பும் நாள்தான் அந்தக் காட்டின் பெரிய பண்டிகை. அதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு காலையில், புனுகன் என்ற புனுகுப்பூனை ஈச்சியைத் தேடி வந்தது. புனுகன் பழமும் தின்னும், எலியும் தின்னும். அதனால் இரண்டு பக்கத்தாருக்கும் அது சொந்தக்காரன்.

"ஈச்சியம்மா! பண்டிகைக்குச் சிறுத்தையார் பெரிய விருந்து வைக்கிறார். காட்டில் எல்லோருக்கும் அழைப்பு!"

"எல்லோருக்குமா? புல் தின்பவர்களுக்குமா?"

"முக்கியமாக அவர்களுக்குத்தான்! பழைய பகையெல்லாம் போதும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. வயதாகிறது, இல்லையா?"

"அது சரி. இறைச்சி வைத்த பந்தியில் அவர்கள் எப்படி உட்காருவார்கள்?"

"அதற்குத்தானே உன்னிடம் வந்தேன்! நடு இலையில் இருப்பதை வேண்டியவர்கள் தின்னட்டும். சுற்றிலும் தொடுகறிகள். அத்தனையும் சைவம். அத்தனையும் உன் கையால்! வேறு ஒருவர் கை படாது. உன் கருணைக்கிழங்கு மசியலைப் பற்றி அவர் தினமும் பேசுகிறார், தெரியுமா?"

"அவர் அதைத் தின்றதே இல்லையே?"

"மணம் போதாதா? காற்று சுனைப்பக்கம்தானே வீசுகிறது!"

ஈச்சியின் முட்கள் சிலிர்த்து அடங்கின. தினமும் பேசுகிறாராமே! ஒரே புதரில் கிடப்பவர்கள் ஒருநாளாவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

அது நேராகப் போய்ச் செய்தியைச் சொன்னது. மான்கள் திகைத்து நின்றன. தவிட்டிதான் முதலில் வாய் திறந்தது.

"சுற்றிலும் இருப்பதை நீ சமைக்கிறாய் அக்கா. சரி. நடு இலையில் என்ன?"

ஈச்சிக்கு அது தோன்றவே இல்லை. ஓடிப்போய்ப் புனுகனைக் கேட்டது. "ஆற்று மீன்!" என்றது புனுகன், கண் இமைக்காமல். ஈச்சி திரும்பி வந்து, "ஆற்று மீனாம்!" என்றது. தவிட்டி காதை ஒருமுறை அசைத்தது.

மறுநாளே ஈச்சி சுனைக்கரைக்குப் போய்விட்டது. மூன்று நாள் இடைவிடாமல் வேலை. கருணைக்கிழங்கைத் தோண்டித் தோண்டிப் பாதமெல்லாம் அரிப்பு. பிரண்டையை நார் உரித்துத் துவையல் அரைத்தது. அத்திக்காயைக் கசப்புப் போக இரண்டுமுறை வேகவைத்துக் கூட்டு வைத்தது. உப்புக்கு உவர்மண் தேடி ஒரு பகல் முழுக்க நடந்தது. மூங்கில் குருத்தைப் பொடியாக நறுக்கிப் பொரியல் செய்தது. நெல்லிக்காயைத் தேனில் ஊறவைத்துப் பச்சடி. வள்ளிக்கிழங்கைத் தோலோடு சுட்டது. பல் போன கிழ மான்களுக்கு அது இதமாக இருக்கும் அல்லவா? கடைசியாகப் பொன்னாங்கண்ணிக் கீரையைக் கடைந்தது. காந்தாரி மிளகாயைக் கையில் எடுத்தது. தவிட்டியின் நினைவு வந்தது. மிளகாயைத் தூர எறிந்தது.

சிறுத்தை தினமும் வரும். பத்தடி தள்ளி உட்காரும். மசியலில் ஒரு துளி நக்கிப் பார்த்து, "இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே!" என்று கண்ணை மூடிக்கொள்ளும். ஈச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் அது துணிந்து கேட்டுவிட்டது. "ஐயா, வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாதே?"

சிறுத்தை சிரித்தது. "மூன்று நாளாக என் முன்னால் நடமாடுகிறாய். உனக்கு ஏதாவது ஆயிற்றா?"

"இல்லையே!"

"பிறகென்ன?"

ஈச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. பண்டிகையன்று விடிந்ததும் புதருக்கு ஓடி வந்தது.

"எல்லாம் தயார்! ஏழு தொடுகறி! கிளம்புங்கள், கிளம்புங்கள்!"

யாரும் அசையவில்லை.

"ஏன் நிற்கிறீர்கள்? மூன்று நாள் நான் அங்கே இருந்தேன். என் மேல் ஒரு நகம் படவில்லை!"

"உன் மேல் எப்படி அக்கா படும்?" என்றது தவிட்டி. "உன் முதுகை நீ பார்த்ததே இல்லையா?"

ஈச்சிக்குச் சுருக்கென்றது. "ஓகோ! என் முள்ளுக்காகத்தான் அவர் என்னை மதிக்கிறார் என்கிறாய். என் கைக்காக இல்லை. அப்படித்தானே? இத்தனை வருஷம் நீங்கள் ஒருவரும் மதிக்காததை ஒரு சிறுத்தை மதித்தால், அது உங்களுக்குப் பொறுக்கவில்லை!"

"கோபப்படாதே அக்கா. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்."

"பயமா? நான் சொல்கிறேன், கேளுங்கள். உங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. இது என் வாக்கு!"

ஈச்சி அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கொன்றை தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. குட்டி சருகின் மேல் தலை சாய்த்துக் கிடந்தது. "சுனைக்கரையில் புல் இப்போது முழங்கால் உயரம் இருக்கும்" என்றது கொன்றை மெல்ல. "ஒரு வேளை வயிறு நிறையத் தின்றால் எனக்குப் பால் ஊறும். ஈச்சி சொல்கிறாள். நான் போகிறேன்."

கொன்றை கிளம்பியதும் கலையன் கிளம்பியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் கிளம்பின. குட்டியை மட்டும் புதரின் நடுவே படுக்கவைத்துவிட்டு வந்தன. தவிட்டி கடைசியாக வந்தது. "வாக்கே கொடுத்துவிட்டாய். இனி வராமல் இருந்தால் உன்னைப் பொய்க்காரி என்று சொன்னதாகிவிடும்" என்றது.

உச்சிவெயில் நேரத்தில் விருந்து தொடங்கியது. சுனையைச் சுற்றி வரிசையாகத் தேக்கிலை போட்டிருந்தது. ஏழு தொடுகறிகளும் குவியல் குவியலாக இருந்தன. செந்நாய்கள் ஏழெட்டு, வாலைத் தாழ்த்திக்கொண்டு, அடக்க ஒடுக்கமாக நின்றன. "பரிமாறத்தான் வரவழைத்தேன்" என்றது சிறுத்தை. "உட்காருங்கள், உட்காருங்கள்! கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்!"

பல மாதப் பசி. முதலில் தயங்கித் தயங்கித் தின்றவை பிறகு தலையே நிமிரவில்லை. கிழ மான் ஒன்று வள்ளிக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு அழுதது. "ஈச்சி, உன்னைப் பார்த்துச் சிரித்தோமே!" என்றது. கலையன் மூன்றாவது முறை கூட்டு வாங்கியது. இப்போது அது யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஈச்சி இலை இலையாகப் போய்ப் பார்த்தது. ஆயுளில் அப்படியொரு நாள் அதற்கு வாய்த்ததில்லை.

தவிட்டி கீரையில் ஒரு வாய் எடுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றது. பிறகு ஆச்சரியத்தோடு திறந்தது. "அக்கா! இதில் காரமே இல்லையே!"

"உனக்காகத்தான்!" என்றது ஈச்சி.

தவிட்டி சிரித்தது. இன்னொரு வாய்க்குக் குனிந்தது.

அப்போதுதான் ஈச்சி நிமிர்ந்து பார்த்தது. பந்தியின் நடுவே பெரிய வாழை இலை ஒன்று விரித்திருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

"ஐயா, மீன் இன்னும் வரவில்லையா?" என்று கேட்டது.

"மீனா? எந்த மீன்?" என்றது சிறுத்தை.

ஈச்சி சுற்றிப் பார்த்தது. ஒவ்வோர் இரண்டு விருந்தாளிக்கும் பின்னால் ஒரு செந்நாய் நின்றது. ஒன்றின் கையிலும் பரிமாற எதுவும் இல்லை.

"ஓடுங்கள்!" என்று ஈச்சி கத்தியது.

நிறைந்த வயிற்றோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? தவிட்டி எழுந்திருக்கவே இல்லை. அதன் வாயில் கீரை அப்படியே இருந்தது. கொன்றை சுனையைத் தாண்டப் பாய்ந்தது. அதன் பின்னால் வந்த செந்நாயைக் கலையன் கொம்பால் முட்டித் தள்ளியது. பக்கவாட்டிலிருந்து சிறுத்தை கலையன் மேல் விழுந்தது. ஈச்சி முட்களை விரித்துக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்தது. ஒரு செந்நாயின் முகத்தில் நாலு முள் ஏறியது. அந்த நாய் ஊளையிட்டுக்கொண்டு விலகியது. மற்றவை ஈச்சியைச் சுற்றிக்கொண்டு போயின. எதுவும் அதன் பக்கம் வரவில்லை. அது எங்கே பாய்ந்தாலும் அங்கே இடம் விட்டன. அது இல்லாத இடத்தில் கொன்றன.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. நடு இலை நிறைந்தது.

ஈச்சி சுனைக்கரையில் நின்றது. அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்!" என்று அலறியது.

சிறுத்தை நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டது. "நானா? நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே! கொடுத்தவள் நீ."

"பகை போதும் என்று சொன்னீர்களாமே!"

"அது புனுகன் சொன்னது. அவனிடம் கேள்."

புனுகன் ஒரு கையில் நெல்லிக்காயும் மறு கையில் எலும்புமாக உட்கார்ந்திருந்தது. அது ஈச்சியைப் பார்க்கவில்லை.

"அந்த முள் மட்டும் இல்லையென்றால் உன்னையும் இந்தச் செந்நாய்கள் நடு இலைக்குக் கேட்டிருக்கும்" என்றது சிறுத்தை. "ஆனால் சமையல் பிரமாதம், ஈச்சி! அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த பண்டிகைக்கும் நீதான் வர வேண்டும்!"

அந்தப் பாராட்டைக் கேட்டதும் ஈச்சி முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

அது புதருக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. போனவர்கள் பதினாறு பேர். கொன்றையும் மூன்று முயல்களும் மட்டும் வந்து சேர்ந்திருந்தன. கொன்றை குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. பால் ஊறியிருந்தது. அது ஈச்சி சமைத்ததால் ஊறிய பால்.

ஈச்சி தலை குனிந்து நின்றது. "கொன்றை, நான் வேண்டுமென்று செய்யவில்லை. நான் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றது கொன்றை. அதன் குரலில் கோபமே இல்லை. "புனுகன் வந்து கூப்பிட்டிருந்தால் நாங்கள் ஒருவரும் வந்திருக்க மாட்டோம். சிறுத்தையே வந்து காலில் விழுந்திருந்தாலும் வந்திருக்க மாட்டோம். நீ பொய் சொல்லாதவள். அதனால்தான் உன்னைப் பிடித்தார்கள்."

"நான் இங்கிருந்து போய்விடட்டுமா?"

"எங்கே போவாய்? இரு. புதர் எல்லோருக்கும் பொது. ஆனால் இனிமேல் எங்களுக்காக யாரிடமும் எதையும் கேட்டு வராதே. எங்களுக்கு எதையும் சொல்லாதே."

ஈச்சி அந்தப் புதரிலேயே பல வருஷம் வாழ்ந்தது. யாரும் அதை ஏசவில்லை, துரத்தவும் இல்லை. கொன்றையின் குட்டி வளர்ந்து பெரிய கலைமானாயிற்று. வழியில் ஈச்சியைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். நின்று ஒரு வார்த்தை மட்டும் பேசாது.

தனக்கு ஆபத்தில்லாத இடம் எல்லோருக்கும் ஆபத்தில்லாத இடம் என்று எண்ணி வாக்குக் கொடுப்பவர், மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமலேயே கொலைக்குத் துணைபோகிறார்.